பட்டம் இழந்தார், பெயர் பெற்றார்
மறைசாட்சி புனித தேவசகாயத்தின் வாழ்க்கை

நம் பக்கத்தில் ஒரு புது ஆளைச் சந்தித்தால் முதலில் பெயரைக் கேட்கிறோம். பிறகு ஊரைக் கேட்கிறோம், வேலையைக் கேட்கிறோம். அதோடு நின்றால் நல்லது. ஆனால் நாம் நிற்பதில்லை. எந்தத் தெரு, யார் வகையறா என்று சுற்றி வளைத்துக் கேட்டு, கடைசியில் நாம் தேடிய விடை கிடைத்த பிறகுதான் நாற்காலியை எடுத்துப் போடுகிறோம். அல்லது வாசலோடு பேசி அனுப்பிவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பட்டாசு ஆலையில் குழாய் உருட்டுகிறவரையோ, சரவெடி பின்னுகிற சகோதரியையோ, வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுகிற தாயையோ என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சும்மா கூலி வேலைதான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். நாட்டின் தீபாவளிக்கே ஒளி கொடுக்கிற கைகள், தங்களைப் பற்றிச் சொல்லும்போது சும்மா என்ற சொல்லோடு தொடங்குகின்றன!

நான் யார்? என் மதிப்பு எங்கிருந்து வருகிறது? பிறப்பு தருவதா, வேலை தருவதா, ஊரார் தருவதா? ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்போம். அவர் நமக்குத் தொலைவானவர் அல்லர். விருதுநகரில் நாகர்கோவில் செல்லும் இரயிலில் ஏறி அமர்ந்தால், அவர் குருதி சிந்திய ஆரல்வாய்மொழி வழியாகத்தான் போகவேண்டும். அவரே மறைசாட்சி புனித தேவசகாயம்.

நட்டாலத்து நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்தது. அங்கே நட்டாலம் என்னும் ஊரில் 23-4-1712 அன்று நீலகண்டன் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, கோவில் பணி செய்து வந்தவர். தாய் தேவகி அம்மாள் நாயர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்நாட்டு மருமக்கள் தாய முறைப்படி, குழந்தை தாய்வீட்டாரிடமே வளர்ந்தது. செல்வத்துக்குக் குறைவில்லை. கல்வியும் போர்ப் பயிற்சியும் சிறுவயதிலேயே கிடைத்தன. பெயரோடு பிள்ளை என்ற பட்டமும் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

பருவம் வந்ததும் மேக்கோடு என்னும் இடத்தைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். பத்மநாபபுரம் அன்று நாட்டின் தலைநகர். மன்னர் மார்த்தாண்ட வர்மர் ஆட்சி செய்த காலம். நீலகண்டர் அங்கே அரசுப் பணியில் சேர்ந்து, கருவூலப் பொறுப்பில் உயர்ந்தார். மன்னரின் நம்பிக்கையையும் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஒருவர் தலைநிமிர்ந்து நடக்க என்னவெல்லாம் வேண்டுமோ அவை யாவும் அவரிடம் இருந்தன. குலம், சொத்து, பதவி, அரச தயவு என்று நான்கு தூண்கள். அவற்றின்மேல் அவர் வாழ்வு நிலையாக நின்றது. அல்லது நின்றதுபோல் தோன்றியது.

இழப்பும் கேள்வியும்

1741-ல் குளச்சலில் டச்சுக்காரருக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் நடந்த போரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். மார்த்தாண்ட வர்மர் வெற்றி பெற்றார். டச்சுப் படையில் இருந்த யூஸ்டாக்கியுஸ் டிலனாய் என்னும் அதிகாரி மன்னரின் பிடியில் அகப்பட்டார். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், அவரைத் தம் படைக்கே பயிற்சியாளராக்கினார். டிலனாய் கத்தோலிக்கர். அரண்மனைப் பணியின் காரணமாக அவரும் நீலகண்டரும் அடிக்கடி சந்தித்தனர்; நண்பர்களாயினர்.

இந்தக் காலத்தில் நீலகண்டரின் குடும்பத்துக்கு அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. கால்நடைகள் மாண்டன; பயிர் அழிந்தது. சொத்து கரையத் தொடங்கியதும் மனமும் கரைந்தது. தம்மை யாரோ கைவிட்டதுபோல் உணர்ந்தார். சோர்ந்த முகத்தோடு வந்த நண்பரிடம் டிலனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றைச் சொன்னார். யோபு செல்வம் இழந்தார், மக்களை இழந்தார், உடல்நலமும் இழந்தார். ஆனாலும் இறைவன் முன் தாம் ஒன்றுமில்லாதவர் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் போன பிறகும் இறைவனோடு வழக்காடும் துணிவு அவரிடம் எஞ்சியிருந்தது.

இந்த வரலாறு நீலகண்டரின் உள்ளத்தைத் தைத்தது. மாடு செத்தால் என் மதிப்பும் சாகிறதா? பயிர் கருகினால் நானும் கருகிவிட்டேனா? அப்படியானால் நான் என்று நினைத்திருந்தது என் மாட்டையும் நிலத்தையும்தானா? இப்படியொரு கேள்வி எழும்போதுதான் மனிதன் விழித்துக்கொள்கிறான். நீலகண்டர் விழித்துக்கொண்டார். இயேசுவைப் பற்றி மேலும் கேட்டறிந்தார். உயர்ந்த நிலையிலிருந்து இறங்கி, தச்சன் வீட்டில் வளர்ந்து, குற்றவாளியாகச் சிலுவையில் தொங்கிய ஒருவரை ஆண்டவர் என்று வணங்குவது அவருக்குப் புதுமையாக இருந்தது. புரியப் புரிய அதுவே அவருக்குப் பற்றுக்கோடு ஆயிற்று.

வடக்கன்குளத்தில் புதுப்பெயர்

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஒருவர் அந்நாட்டுக்குள்ளேயே திருமுழுக்குப் பெறுவது எளிதன்று. எனவே டிலனாய் ஒரு கடிதம் கொடுத்து, எல்லைக்கு அப்பால் பாண்டிநாட்டுப் பகுதியில் இருந்த வடக்கன்குளத்துக்கு அவரை அனுப்பினார். அங்கே இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் பணியாற்றி வந்தார். மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தனர். வந்தவர் பெரிய இடத்து ஆள் என்பதற்காக அடிகளார் அவசரப்படவில்லை. வரப்போகும் துன்பங்களை எடுத்துச் சொல்லி, மனஉறுதியைச் சோதித்துப் பார்த்தார். நீலகண்டர் பின்வாங்கவில்லை.

14-5-1745 அன்று வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. இறைவன் துணைநின்றார் என்பது அதன் பொருள். அதைத் தமிழில் தேவசகாயம் என்றனர்.

இந்தப் பெயரைச் சற்று நின்று நினைத்துப் பார்க்கவேண்டும். பழைய பெயரோடு வந்த பட்டம் அவர் யாருக்குப் பிறந்தார் என்று சொன்னது. புதிய பெயரோ அவருக்கு யார் துணை என்று சொன்னது. குலம் போனாலும் பதவி போனாலும் இந்தத் துணை போகாது. நான்கு தூண்கள் சாய்ந்தாலும் சாயாத ஓர் அடித்தளம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

மனைவி பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார். உற்றார் உறவினர் நடுவே தனித்துப்போவோம் என்ற அச்சம் இயல்புதானே! பின்னர் அவரும் உளமுவந்து திருமுழுக்குப் பெற்று, ஞானப்பூ என்னும் பெயரோடு கணவரின் வழியில் நடந்தார்.

ஒரே பந்தி

புதிய நம்பிக்கையைத் தேவசகாயம் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. நண்பர்களிடமும் படைவீரர்களிடமும் பேசினார். ஆனால் அவர் பேசியதைவிட அவர் செய்த ஒரு காரியமே நாட்டை அதிரவைத்தது. தாழ்த்தப்பட்ட மக்களோடு அவர் சமமாகப் பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார்.

இன்று படிக்கும் நமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தீண்டாமை மட்டுமின்றி, இத்தனை அடி தள்ளி நிற்கவேண்டும் என்ற விலக்கும் சட்டம்போல் நிலவிய நாடு அது. அங்கே உயர்குடிப் பிறந்த அரண்மனை அலுவலர் ஒருவர், ஒதுக்கப்பட்டவர்களின் குடிசையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பது என்பது பூமி தலைகீழாகப் புரண்டதற்குச் சமம். இவருக்கு இறைவன் துணை என்றால் அவர்களுக்கும் அவரே துணை. இவருக்குக் கிடைத்த மதிப்பு இறைவன் தந்தது என்றால், அவர்களுக்கும் அதே மதிப்பு உண்டு. இதைத்தான் அவர் சாப்பாட்டு இலையின்முன் அமர்ந்து அறிக்கையிட்டார்.

தன்மதிப்பு என்பது வேறு, தற்பெருமை என்பது வேறு. தற்பெருமைக்குக் கீழே ஒருவர் வேண்டும். யாரையாவது மிதித்துத்தான் அது உயரம் காட்டும். தன்மதிப்புக்கு அது தேவையில்லை. தான் இறைவனுக்கு வேண்டியவன் என்று உணர்ந்தவன், பக்கத்தில் இருப்பவனும் அப்படியே என்று உணராமல் இருக்க முடியாது.

எருக்கம்பூ மாலை

பகைவர்கள் சும்மா இருப்பார்களா? மூதாதையர் வழக்கத்தை மீறினார், அரசுக்கு எதிராக நடந்தார் என்று மன்னரிடம் முறையீடுகள் சென்றன. 23-2-1749 அன்று தேவசகாயம் கைது செய்யப்பட்டார். பதவி பறிக்கப்பட்டது. பழைய நம்பிக்கைக்குத் திரும்பினால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற வாய்ப்பு அவர்முன் வைக்கப்பட்டது. அவர் மறுத்தார்.

அதன்பின் அவரது உடலைத் துன்புறுத்தியதைவிட அவரது மானத்தைச் சிதைப்பதிலேயே அதிகக் கருத்துச் செலுத்தினார்கள் என்று சொல்லலாம். கழுத்தில் எருக்கம்பூ மாலையை மாட்டினார்கள். அது கொலைத்தண்டனை பெற்றவருக்கு அணிவிக்கும் மாலை. எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அவரை அறிந்தவர்கள், நேற்றுவரை கைகூப்பி நின்றவர்கள், தெருவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிரம்பால் அடித்து, புண்களில் மிளகாய்ப்பொடி தூவினார்கள்.

புலியூர்க்குறிச்சி அருகே தாகத்தால் வாடிய அவர் பாறையில் முழங்கையால் இடிக்க, நீர் சுரந்தது என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. முட்டிடிச்சான் பாறை என்று அவ்விடத்தை இன்றும் அழைக்கிறார்கள். பெருவிளையில் கொலைஞர் பொறுப்பில் விடப்பட்டு, வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டார். வெயிலும் மழையும் அவர்மேல் விழுந்தன. ஆனால் அங்கேயும் மக்கள் அவரைத் தேடி வந்தனர். நோயாளிகள் வந்தனர்; மனம் உடைந்தவர்கள் வந்தனர். அவமானப்படுத்துவதற்காகக் கட்டிவைத்த மரத்தடி, ஆறுதல் தேடி வரும் இடமாக மாறிவிட்டது.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. மற்றவர்கள் கொடுக்கும் மரியாதைதான் நம் மதிப்பு என்றால், அந்த மூன்று ஆண்டுகளில் தேவசகாயம் ஒன்றுமில்லாமல் போயிருக்கவேண்டும். அவரோ ஒவ்வொரு நாளும் உறுதிப்பட்டார். ஊரார் கொடுத்ததை ஊரார் எடுத்துக்கொண்டார்கள். இறைவன் கொடுத்ததை அவர்களால் தொடமுடியவில்லை.

காற்றாடிமலை

இறுதியில் அவரை நாட்டின் எல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கும் மக்கள் கூட்டம் நின்றபாடில்லை. எனவே அவரை மறைவாகக் கொன்றுவிடும்படி ஆணை வந்தது. 14-1-1752 அன்று இரவு வீரர்கள் அவரைக் காற்றாடிமலைக்குக் கொண்டு சென்றார்கள். உடல் நலிந்து நடக்க முடியாத நிலை. செபிக்கச் சற்று நேரம் கேட்டுப் பெற்று, முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. இயேசுவின் பெயரை உச்சரித்தபடியே நாற்பதாவது வயதை எட்டும் முன்னர் அவர் உயிர் பிரிந்தது. அவ்வேளையில் அம்மலையின் பாறை ஒன்று மணிபோல் ஒலித்தது என்பர். மணியடிச்சான் பாறையைத் திருப்பயணிகள் இன்றும் காண்கின்றனர்.

உடலைக் காட்டில் வீசிச் சென்றார்கள். சில நாள்களுக்குப் பின் இறைமக்கள் தேடிக் கண்டெடுத்த எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன்னே அடக்கம் செய்யப்பட்டன. ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்துக்குச் சென்று, தம் இறுதிக்காலத்தை அங்கே செபத்தில் கழித்தார். 1756-ல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் தேவசகாயத்தின் சாவு இடம்பெற்றது. ஊர் மக்களோ எந்த அறிக்கைக்கும் காத்திராமல், தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். வாசகப்பாவாகவும் நாடகமாகவும் அவர் வரலாறு தென்மாவட்டக் கிராமங்களில் விடியவிடிய நடிக்கப்பட்டது.

எழுந்த சுவரும் இடிந்த சுவரும்

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் நாம் கைதட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-ல் பெரிய ஆலயம் ஒன்று எழுந்தது. இரண்டு தனித்தனிக் கூடங்கள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். கால்சட்டைக் கோவில் என்று மக்கள் சொல்லுமளவுக்கு விந்தையான அமைப்பு. ஏன் அப்படி? ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம் என்று பிரித்து உட்காரவைப்பதற்காக! ஒரே நற்கருணையை உட்கொள்ள வந்தவர்களுக்கு இடையே சுவர்! எந்த ஊரில் ஒரு மனிதர் சாதியைக் கழற்றி வைத்துவிட்டுப் புதுப்பெயர் பெற்றாரோ, அதே ஊரில் அது கற்சுவராய் எழுந்து நின்றது.

1910-ல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்புச் சுவரை இடித்தார். எதிர்ப்பு பலமாக எழுந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சாதியின் பெயரால் ஆலயத்துக்குள் தனி இடம் கேட்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சுவர் இடிந்தது. மனத்துக்குள் இருந்த சுவர்?

விடுபட்ட பட்டம்

இருநூற்று அறுபது ஆண்டுகள் கழித்து, 2-12-2012 அன்று நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டார். 15-5-2022 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் பிறந்த பொதுநிலையினர் ஒருவர் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதல் முறை. அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு வாழ்ந்து, மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த குடும்பத் தலைவர்.

அதற்கு முன்பாக ஒன்று நடந்தது. நாம் அனைவரும் அவரைத் தேவசகாயம் பிள்ளை என்றே சொல்லிப் பழகியிருந்தோம். சாதிக்கு எதிராக வாழ்ந்தவரின் பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்ப்பது முறையா என்று 2017-ல் ஓய்வுபெற்ற அரசு உயர் அலுவலர்கள் இருவர் உரோமைக்கு எழுதிக் கேட்டார்கள். பிறரும் அதே கேள்வியை எழுப்பினர். 2020-க்குப் பின் திருச்சபை அந்தப் பட்டத்தை நீக்கி, தேவசகாயம் என்றே குறிப்பிடத் தொடங்கியது. அவர் 1745-ல் இறக்கி வைத்த சுமையை நாம் இறக்கி வைக்க இத்தனை காலம் ஆயிற்று!

நம் தமிழ் மொழியின் அழகைப் பாருங்கள். பிள்ளை என்பது ஒரு சாதிப் பட்டம். அதே சொல் பெற்றவர்க்கு மகவையும் குறிக்கும். முதற்பொருளில் அவர் பிள்ளை என்ற பட்டத்தை இழந்தார். இரண்டாம் பொருளில்தான் உண்மையான பிள்ளையானார். இறைவனின் பிள்ளை என்ற அந்த உறவுக்கு எந்தத் தெருவும் தடையில்லை.

நமக்கு

நம் மண்ணுக்கும் இந்த வேதனை புதிதன்று. கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் உரிமைக் குரலையொட்டி 1899-ல் சிவகாசியில் கலவரம் மூண்டது. அதே சிவகாசியிலிருந்து 1922-ல் இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. மழை பொய்த்த கரிசல்காடு உழைப்பால் தலைநிமிர்ந்தது. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான்.

ஆனால் பணத்தால் மட்டும் வரும் மதிப்பு, பணம் இல்லாதவரைக் கீழேயே விட்டுவிடும். 5-9-2012 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்ட அதே ஆண்டு அது. மறுநாள் செய்தித்தாளில் எத்தனை பேர் என்ற எண் பெரிய எழுத்தில் வந்தது. ஒவ்வொரு விபத்திலும் அப்படித்தான். எண் முதலில் வருகிறது. பெயர் பின்னால் வருகிறது. சில நாளில் இரண்டும் மறக்கப்படுகின்றன. இறைவனிடத்தில் கணக்கு வேறு. அங்கே எண் இல்லை, பெயர் மட்டுமே உண்டு. மருந்து செலுத்தும் கையும், திரி பின்னும் விரலும் அவருக்குப் பெயரோடு தெரியும். பெயரோடு தெரிந்த ஒருவரைக் காக்கவேண்டிய கடமை முதலாளிக்கும் அதிகாரிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் உண்டு.

ஆகவே, கரிமருந்து படிந்த கையோடு மாலையில் வீடு திரும்பும் சகோதரரே, சகோதரியே! இனி யாராவது கேட்டால் சும்மா கூலி என்று சொல்லவேண்டாம். திருமுழுக்கில் உங்களுக்கு ஒரு பெயர் வைக்கப்பட்டது. பங்குப் பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லுங்கள். நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்.

கொஞ்சம் வசதியாக இருக்கும் நாம் அனைவரும் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம். ஜூபிலி விருந்தில் பந்தி விரிக்கும்போது யார் பக்கத்தில் உட்காரப் போகிறோம்? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று இன்னும் பேசுகிறோமா? பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது திருமுழுக்குச் சான்றிதழைப் பார்க்கிறோமா, வேறொன்றைப் பார்க்கிறோமா? ஆலயத்துக்கு வண்ணம் பூசி, கோபுரத்துக்கு விளக்குப் போடுவது எளிது. தேவசகாயம் கழற்றி வைத்ததை நாமும் கழற்றி வைப்பதே இந்த ஜூபிலிக்கு நாம் செலுத்தும் காணிக்கை.

அடுத்த ஜனவரி 14 அன்று, பொங்கல் கரும்பு வாங்கும் நேரத்தில், காற்றாடிமலையில் முழந்தாளிட்ட அந்த மனிதரை நினைத்துக்கொள்வோம். முடிந்தால் குடும்பத்தோடு ஒருமுறை போய் வருவோம். போகும்போது பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்றையும் உடன் அழைத்துச் செல்வோம். கட்டிக்கொண்டு போகும் சோற்றை ஒன்றாக அமர்ந்து உண்போம்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.